டிக்கெட் பொய் சொல்லாது

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, தன் வீட்டுக்காரரின் தொழிற்சாலை இன்னும் மூன்று மாதத்தில் மூடப்படும் என்று மிருதுளாவுக்குத் தெரிந்துபோனது. தெரிந்ததை அவரிடம் சொல்லக் கூடாது என்பதுதான் அவள் வேலை.

கோயம்புத்தூரில் அவள் வேலை பார்த்த நிறுவனத்துக்குத் திசைமானி என்று பெயர். அங்கே இருந்த கணினிக்கும் அதே பெயர்தான். உலகத்தில் எந்த நாட்டில் யார் ஆட்சிக்கு வருவார்கள், எந்த அமைச்சர் யாருக்குப் பயப்படுகிறார், எந்தத் துறைமுகத்தில் கப்பல் காத்து நிற்கிறது, எங்கே மழை பொய்த்தது என்றெல்லாம் அள்ளி விழுங்கிவிட்டு, எந்த நாடு எந்தச் சரக்குக்கு வரியை ஏற்றும், எதற்கு இறக்கும் என்று மூன்று மாதம் முன்னதாகவே சொல்லிவிடும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கும் அறிக்கை வெளியாகும். அதைப் படிக்காமல் எந்தப் பெரிய கடைக்காரரும் அடுத்த பருவத்துக்கு ஆர்டர் போடுவதில்லை.

எட்டு வருடமாகத் திசைமானி ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இந்த வார வரைவில் நான்காவது கணிப்பு இப்படி இருந்தது. வடகடல் கூட்டமைப்பு. கைக்குழந்தை உடைகள். நல்லாம்புதூர், தமிழ்நாடு. இறக்குமதி வரி உயரும். உறுதி, நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.

நல்லாம்புதூர் அவிநாசிக்கு வடக்கே பதினேழு கிலோமீட்டர். மூன்று வருடத்துக்கு முன்னால் மிருதுளா பொள்ளாச்சியிலிருந்து வாழ வந்த ஊர். அங்கே இருக்கிற ஐம்பத்தெட்டு கம்பெனிகளும் கைக்குழந்தைகளுக்கான உடையைத் தவிர வேறெதையும் தைப்பதில்லை. அதில் நூறில் எண்பது வடகடலுக்குத்தான் போகிறது.

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, எதை வைத்துச் சொல்கிறது என்று திறந்து பார்த்தாள். மற்றதெல்லாம் வழக்கமான சங்கதிதான். வடகடலில் தேர்தல் வருகிறது, அங்குள்ள ஆலைக்காரர்கள் சத்தம் போடுகிறார்கள். அதற்கெல்லாம் உறுதி நாற்பதைத் தாண்டாது. தராசைச் சாய்த்தது கடைசிக் குறி. பயணக் குறி. வடகடல் தலைநகரில் அடுத்த வாரம் நடக்கிற குழந்தை உடைப் பொருட்காட்சிக்கு நல்லாம்புதூர் முதலாளிகள் ஐம்பத்தெட்டுப் பேரும் விமான டிக்கெட்டை ரத்து செய்திருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே நாளில்.

பயணக் குறி மிருதுளாவே உருவாக்கிய பிள்ளை. பல நாட்டு வியாபாரத்தை அரசியலும் பணமும் எந்தப் பக்கம் இழுக்கின்றன என்பதுதான் அவள் படித்த படிப்பு. ஆராய்ச்சிக் கட்டுரையில் அவள் எழுதிய ஒரு வரி இன்றும் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. "முதலாளிகள் பேட்டியில் பொய் சொல்வார்கள், டிக்கெட்டில் பொய் சொல்ல மாட்டார்கள்." வரி ஏறப்போகிறது என்று மோப்பம் பிடித்தவன் வாயால் சொல்ல மாட்டான், ஆனால் அந்த ஊருக்குப் போவதை நிறுத்திவிடுவான். போன வருடம் மாரிஸ்டா என்ற சின்னத் துறைமுக ஊரின் காலணித் தொழில் படுத்துவிடும் என்று இந்தக் குறியை வைத்துத்தான் திசைமானி சொன்னது. சொன்னபடியே படுத்தது. மிருதுளாவுக்குக் கண்ணாடியில் செய்த பூமி உருண்டை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். மாமியார் ரேணுகா அதை, துணி வெட்ட வைத்திருக்கும் காகித அளவுகள் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க மேலே வைத்துக்கொள்கிறார்.

டிக்கெட் ரத்தான தேதியை மிருதுளா இன்னொரு முறை பார்த்தாள். போன செவ்வாய்க்கிழமை.

போன செவ்வாய்க்கிழமைதான் அவள் வீட்டுக்காரர் சேமலை, வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறும் காலில் செருப்பு இல்லாமலும் வீட்டுக்குள் வந்து, "இன்னிலருந்து பதினஞ்சு நாளைக்குக் கோழிக்கொழம்பு கேக்காத மிருது" என்றார்.

"கேக்கறது நீங்க."

"அதான், நான் கேட்டாலும் குடுக்காத."

நல்லாம்புதூர் செல்லாண்டியம்மனுக்குப் பெரிய நோம்பி, தேர்த் திருவிழா. யார் முதலில் தேர்வடம் பிடிப்பது என்ற சண்டையில் பதினான்கு வருடமாக நின்றுபோயிருந்தது, இந்த வருடம்தான் சமாதானமாகிச் சாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தலைக்கட்டிலும், அதாவது குடும்பத்திலும், ஒருவர் மஞ்சள் கயிற்றுக் காப்புக் கட்ட வேண்டும். கட்டியவர் தேர் நிலைக்கு வரும்வரை ஊர் எல்லையைத் தாண்டி ராத்திரி தங்கக் கூடாது. பொருட்காட்சியா அம்மனா என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. கயிற்றைக் கட்டினார்கள், டிக்கெட்டை ரத்து செய்தார்கள், சாம்பிள்களைக் கூரியரில் அனுப்பிக்கொள்ளலாம் என்று மாவிளக்கு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

திசைமானிக்கு எட்டு வயது. அதற்குப் பெரிய நோம்பி தெரியாது.

மிருதுளாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இவ்வளவுதானா விஷயம் என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு டெய்சி மேடம் அறைக்குப் போனாள்.

டாக்டர் டெய்சி தாமஸ் நாகர்கோவில்காரர். அவள் பிரிவின் தலைவர், நிதானமான பெண்மணி. மேசையில் எப்போதும் ஒரு டப்பா நேந்திரங்காய் சிப்ஸ் இருக்கும். மிருதுளா சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"கயிறு கட்டினா வெளியூர்ல தங்கக் கூடாது. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான் மேடம். வரிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்த நாலாவது கணிப்பை எடுத்துரலாமா?"

"எப்படி எடுப்ப? நம்ம ஆளுங்க யாரும் கையால எதையும் மாத்தக் கூடாதுங்கறது விதி. அந்த விதியை எழுதின குழுவுல நீயும் இருந்த."

"ஆனா இது தப்பு மேடம்."

டெய்சி ஒரு சிப்ஸை எடுத்துக் கடித்தார். "இன்னிக்குத் தப்பு. வெள்ளிக்கிழமை சாயந்தரம் வரைக்கும் தப்பு. அதுக்கப்புறம் என்ன ஆகும், நீயே சொல்லு. நல்லாப் படிச்ச பொண்ணு."

அவரே சொன்னார்.

"அங்க ஒரு கயிறு இழுக்கற போட்டி நடக்குது. ஒரு பக்கம் அந்த ஊர் ஆலைக்காரன், வரி போடுன்னு இழுக்கான். இந்தப் பக்கம் அந்த ஊர்க் கடைக்காரன், நல்லாம்புதூர் உடுப்பு மலிவா வருதே, வரி வேண்டாம்னு இழுக்கான். அதனால அமைச்சர் நடுவுல நிக்கார். நம்ம அறிக்கை வந்ததும் கடைக்காரன் என்ன செய்வான்? நமக்கு எதுக்கு வம்புன்னு வேற ஊருக்கு ஆர்டரைக் கொடுத்துட்டு கயித்தை விட்டுருவான். ஒரு பக்கம் ஆளே இல்லன்னா அமைச்சர் எந்தப் பக்கம் விழுவார்?"

"வரி போட்டுருவாரு."

"போட்டுருவார். நாம சொன்னது சரியாயிரும்."

"அப்ப நாம எப்பவுமே சரியா?"

"அதுக்குத்தான மோளே சந்தா கட்டுதாங்க." சொல்லிவிட்டு டெய்சி சிப்ஸ் டப்பாவை மூடி வைத்தார். அவருக்கும் அது பிடித்திருக்கவில்லை என்று முகம் சொன்னது. "வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு வரைக்கும் திசைமானி புதுக் குறிகளை வாங்கிக்கும். அதுக்குள்ள ஏதாவது மாறினா அதுவும் மாறும். நீ மாத்த முடியாது, நான் மாத்த முடியாது. வீட்ல வாயத் திறந்து இதைச் சொன்னா வேலை போகும், வழக்கும் வரும். அது ஞாபகம் இருக்கட்டும்."

அன்று சாயந்தரம் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மிருதுளா கணக்குப் போட்டாள். காப்பை அவிழ்க்கச் சொல்ல முடியாது. சொன்னால் செல்லாண்டியம்மன் ஒருபுறம் இருக்கட்டும், ஊரே திரும்பிப் பார்க்கும். காரணம் கேட்பார்கள், காரணம் சொல்லக் கூடாது. ஐம்பத்தெட்டு கம்பெனியில் தைக்கிற நாலாயிரம் பேரின் முகம் அவளுக்குத் தெரியாது. ஆனால் கட்டிங் மேசைக்கார ராசாமணிக்கு இரட்டைப் பெண்கள் என்று தெரியும். செக்கிங் பிரிவில் இருக்கும் பர்வீன் வீட்டுக்கு இப்போதுதான் அஸ்திவாரம் போட்டிருக்கிறாள் என்று தெரியும். போன வாரம் மிருதுளாவே போய்ச் செங்கல் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

வீட்டில் ரேணுகா கூடத்துத் தரையில் உட்கார்ந்து ஒரு சின்ன கவுனின் கழுத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது. முப்பத்தைந்து வருடமாகக் குடும்பக் கம்பெனியின் ஒவ்வொரு சாம்பிளும் அவர் கையில்தான் பிறக்கிறது. குழந்தையின் தலை மாட்டாத கழுத்தை அவரால் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியும். சாம்பிளைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போவது முதலில் மாமனார், அவருக்குப் பின்னால் சேமலை.

"ஏங்கண்ணு, மூஞ்சி ஏன் இப்புடி இருக்குது? வெய்யலா?"

"ஆமாங் அத்தை."

"மோர் இருக்குது பாரு. இந்தக் கழுத்தப் பாத்தியா, கூரியர்ல போறதுக்கு முந்தி ஒருக்கா மாத்திப் போடலாம்னு. எல்லாத்தையும் சரியா வெச்சு அனுப்பிச்சாலும் அங்க எவன் எடுத்துச் சொல்லுவான்? துணி பேசுமா?"

மிருதுளா மோர்ச் செம்பைப் பாதியில் வைத்துவிட்டாள்.

"அத்தை, காப்பு தலைக்கட்டுக்கு ஒருத்தருக்குத்தானுங்களே?"

"ஆமா. ஆம்பளைக்குத்தான் கட்டுவாங்க."

"அப்ப நீங்க எங்க வேணா போலாமுங்களா?"

"நானு எங்க போறேன்? மாவிளக்குக்கு அரிசி ஊறப்போடோணும்." சொல்லிக்கொண்டே ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தார். பிறகு மருமகளை நிமிர்ந்து பார்த்தார். நேரமெடுத்துப் பார்த்தார். "எங்க போகச் சொல்ற?"

"பொருட்காட்சிக்கு."

சேமலை அப்போதுதான் வெறுங்காலோடு உள்ளே வந்தார். வந்தவர் காதில் விழுந்ததை நம்பாமல் நின்றார். "அம்மாவையா? மிருது, அங்க மூணு டிகிரி குளுரு."

"அவங்களுக்கு ஸ்வெட்டர் இல்லைன்னா சொல்றீங்க? நாம என்ன கம்பெனி வெச்சிருக்கோம்?"

"கைக்கொழந்தைக்குத் தெக்கற கம்பெனி."

ரேணுகா இருவரையும் கண்டுகொள்ளவில்லை. "என்ற பாஸ்போர்ட் உயிரோட இருக்குதா சாமி?" என்று மகனைக் கேட்டார்.

"மஸ்கட்டுக்கு அக்கா பிரசவத்துக்குப் போனீங்களே, அது இருக்கு. பொருட்காட்சிக்குன்னா விசாவும் அங்க எறங்குனதும் குடுத்துருவாங்க. அதுக்காக—"

"அப்ப செரி. நானொருத்தி போனா மத்தவ சும்மா இருப்பாளா? நாளைக்குக் கோயல்ல மாவு இடிக்கறப்பப் பேசறேன்."

மிருதுளா மீதி மோரைக் குடித்து முடித்தாள்.

மாடியில் துணி எடுக்கப் போனபோது சேமலை பின்னாலேயே வந்தார். கொடியின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

"எதையோ மறைக்கற."

"ஆமா."

"ஆபீஸ் விஷயமா?"

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல கேளுங்க மாமா. எல்லாத்தையும் சொல்றேன்."

"சொல்லக் கூடாதுன்னா சொல்ல வேண்டாம். ஒண்ணே ஒண்ணு. நான் பயப்படணுமா?"

அவள் ஒரு துண்டை மடித்தாள். பிறகு அதைப் பிரித்து மறுபடி மடித்தாள். "உங்கம்மா பிளேன்ல ஏறி உக்காரும் வரைக்கும் பயப்படலாம்."

அவர் மேலே கேட்கவில்லை. மஞ்சள் கயிறு கட்டிய கையால் அவள் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டு, "அப்ப டிக்கெட் நானே போடறேன். ஜன்னல் சீட்டு கேப்பாங்க" என்று இறங்கிப் போனார். அந்த மனுஷனை இன்னொரு முறை கட்டிக்கொள்ளலாம் என்று மிருதுளாவுக்குத் தோன்றியது.

புதன்கிழமை கோயில் மண்டபத்தில் உரல் சத்தத்தை மீறிப் பேச்சு நடந்தது. மிருதுளா லீவு போட்டுவிட்டு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

"நானும் வாரேன். ஆனா எனக்கு இங்கிலீஷ் வராது" என்றார் ஒரு முதலாளியின் மனைவி.

"உன்ற வீட்டுக்காரருக்கு மட்டும் வருதாக்கு? எல்லாத்துக்கும் எஸ் எஸ்ஸுன்னு சொல்லிப்போட்டு வாராரு. அதான் போன வருஷம் பொத்தானெல்லாம் மாத்தித் தெச்சோம்" என்றார் ரேணுகா.

"காதுல ஒரு மெஷினு மாட்டிக்கிட்டா தமிழ்லயே பேசலாமுங்க, அது மாத்திச் சொல்லிருமுங்க. என்ற பொண்ணு வெச்சிருக்கறா."

"பட்டுச் சேலை கட்டோணுமா, சுடிதாரா?"

"குளுருக்குள்ள பட்டே நல்லது. மேல ஸ்வெட்டர்."

இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. மதியத்துக்குள் முப்பத்தொரு பேர். சாயந்தரம் ஊர்க் கூட்டத்தில் ஆண்கள் கொஞ்சம் முனகினார்கள். சங்கத் தலைவர், "பொம்பளைங்க தனியா" என்று ஆரம்பித்தார். அவர் மனைவி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு போனில் சாப்பாட்டு விருப்பத்தில் சைவம் என்று அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "போயிட்டுப் பத்திரமா வரணும்" என்று முடித்தார். ராத்திரிக்குள் ஐம்பத்து நான்கு டிக்கெட்.

வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு மிருதுளா திரை முன்னால் உட்கார்ந்திருந்தாள். டெய்சி மேடம் சிப்ஸ் டப்பாவோடு வந்து பின்னால் நின்றார்.

புது டிக்கெட்டுகளின் பதிவு இன்னும் வந்து சேராமல், தொண்ணூற்று நான்கு என்ற எண் அப்படியே இருந்தது. பதினொன்று நாற்பதுக்கு எண்பத்தாறு ஆனது. பிறகு அறுபத்து மூன்று. பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது இருபத்தெட்டு. கடைசி நிமிடத்தில் கணிப்பே மாறிப்போனது.

வடகடல் கூட்டமைப்பு. கைக்குழந்தை உடைகள். நல்லாம்புதூர். இறக்குமதி வரி குறையும். உறுதி எண்பத்தொன்பது.

காரணம் என்ற இடத்தில் திசைமானி எழுதியிருந்தது. "ஐம்பத்து நான்கு நிறுவனங்களிலிருந்து குடும்பத்தின் மூத்த உறுப்பினர்கள் முதல் முறையாக நேரில் செல்கின்றனர். நீண்டகால நம்பிக்கையின் அடையாளம்."

"குறையுமா?" என்றாள் மிருதுளா. "ஏறாம இருந்தாப் போதும்னு பாத்தேன்."

"உன் மாமியார் எப்ப டிக்கெட் எடுத்தாங்க?"

"செவ்வாய்க்கிழமை ராத்திரி மேடம்."

"நீ என்ன சொன்ன?"

"பொருட்காட்சிக்குப் போங்கன்னு சொன்னேன். வேற ஒரு வார்த்தை சொல்லல."

டெய்சி டப்பாவை அவள் பக்கம் நீட்டினார். "மருமக மாமியாரை ஊருக்கு அனுப்பி வைக்கறதுல சட்டப்படி ஒரு தப்பும் இல்ல. எடுத்துக்க."

வெள்ளிக்கிழமை நாலு மணி இரண்டு நிமிடத்துக்கு மிருதுளா சேமலையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் தையல் மிஷின்களின் சத்தத்தை விட்டு வெளியே வந்தார். பிறகு அவர், "நீ மூணு நாளா இதை ஒருத்தியா வெச்சிருந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு எல்லாம் டெய்சி மேடம் சொன்ன கயிறு இழுக்கிற கணக்குப்படியே நடந்தது, எதிர்ப்பக்கமாக. வரி குறையும் என்று அறிக்கையில் படித்த கடைக்காரர்கள் பொருட்காட்சியில் நல்லாம்புதூர் ஸ்டால்களின் முன்னால் கூடினார்கள். கூடினவர்கள் பட்டுச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஐம்பத்து நான்கு பெண்களைப் பார்த்தார்கள். ரேணுகா பொம்மையின் தலையில் கவுனை மாட்டிக் கழற்றிக் காட்டி, "அழுகற கொழந்தைக்கு மாட்டோணும், அதான் கணக்கு" என்று காது மிஷினில் சொன்னதை அந்த ஊர்த் தொலைக்காட்சி காட்டியது. ஆர்டர் கொடுத்தவர்கள் கயிற்றை இன்னும் பலமாக இழுத்தார்கள். இரண்டு மாதத்தில் அமைச்சர் வரியைக் குறைத்தார். திசைமானி மறுபடியும் தவறவில்லை.

ஆனால் ரேணுகா திரும்பி வந்தது அதற்கெல்லாம் வெகுநாள் முன்னால். தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலை. காப்பு அவிழ்த்த கையோடு சேமலை கோழிக்குழம்பை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார். ரேணுகா பெட்டியைக் கூடத்திலேயே திறந்து, சாக்லேட், மருமகளுக்கு ஒரு குல்லாய், மகனுக்கு ஒன்றுமில்லை என்று வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை மிருதுளா மடியில் போட்டார்.

"இது சும்மா. ஒண்ணும் கேக்கல நானு. வெச்சுக்க."

பிரித்தால், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு ஜோடிச் சிவப்புக் காலணி. சேமலைக்குப் புரையேறியது.

"அம்மா."

"நான்தான் ஒண்ணும் கேக்கலைன்னேனே. தெயலப் பாரு கண்ணு, உள்பக்கம் ஒரு முடிச்சு வெளிய தெரியுதா? கொழந்தை காலுல உறுத்தவே உறுத்தாது. கடைசி மூலைல ஒரு பொம்பளை ஒத்தையா உக்காந்து வித்துக்கிட்டிருந்தா. இருக்கறதெல்லாம் இதோட தீந்துதாமா. ஊர்ல எல்லாக் கடையும் மூடியாச்சாம். இத்தனை நல்ல வேலை தெரிஞ்சவிய ஏன் மூடறாங்கன்னு எனக்கு வெளங்கவே இல்ல."

மிருதுளா காலணியைத் திருப்பினாள். அடித்தோலில் சின்ன எழுத்தில் ஊர்ப் பெயர் பொறித்திருந்தது. மாரிஸ்டா.

அவள் காலணியைக் கையில் வைத்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தாள். போன வருடத்துக் கோப்பு இருந்தது. மாரிஸ்டா, குழந்தைக் காலணி, பயணக் குறி. முதலாளிகள் இருபத்தாறு பேரும் ஒரே நாளில் டிக்கெட்டை ரத்து செய்திருந்தார்கள். கீழே, "சரிபார்க்கப்பட்டது, மிருதுளா" என்று இருந்தது. என்ன சரிபார்த்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். டிக்கெட் உண்மையிலேயே ரத்தாகியிருக்கிறதா என்று பார்த்திருந்தாள். ஏன் என்று பார்க்கவில்லை.

அந்த ஊரின் செய்தித்தாளில் போன வருடம் அந்த வாரத்துப் பக்கங்களை எடுத்துத் தமிழில் மாற்றிப் படித்தாள். முதல் பக்கத்தில் ஒன்றுமில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு சின்னப் படம். கோயில் மணியில் விரிசல் விழுந்து, நாற்பது வருடத்துக்குப் பிறகு அதை உருக்கி மறுபடி வார்க்கிறார்கள். புது மணி ஒலிக்கும்வரை குடும்பத் தலைவர்கள் யாரும் ஊர் ஆற்றைத் தாண்டிப் போவதில்லை, அது அங்கே வழக்கம் என்று படத்தின் கீழே இரண்டு வரி. படத்தில் ஆண்கள் வார்ப்புக் குழியைச் சுற்றி நின்றிருந்தார்கள். பின்வரிசையில் பெண்கள் நின்றிருந்தார்கள்.

சேமலை கையைக் கழுவிவிட்டு வந்து அவள் தோளுக்கு மேலாகப் படித்தார். படித்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன கண்ணு, புடிக்கலயா?" என்றார் ரேணுகா.

"ரொம்பப் புடிச்சிருக்குதுங் அத்தை." காலணியை மறுபடி திருப்பிப் பார்த்தாள். "அந்தம்மா நம்பர் ஏதாவது குடுத்தாங்களா?"

"வாங்காம வருவனா? இந்தத் தெயல எனக்குச் சொல்லித் தாரேன்னிருக்கறா. பேசறயா?"

மேசையில் காகித அளவுகளின் மேல் கண்ணாடி உருண்டை உட்கார்ந்திருந்தது. மிருதுளா அதைத் தூக்கி அலமாரிக்குள் வைத்தாள். காகிதங்கள் பறந்தன, சேமலை எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். ரேணுகா காதிலிருந்த மிஷினைக் கழற்றித் துடைத்து மருமகளிடம் கொடுத்தார்.

மூன்றாவது மணியில் அந்தப் பக்கம் எடுத்தார்கள். சோர்ந்த ஒரு பெண் குரல், யார் என்று கேட்டது.

ரேணுகாவின் மருமகள் என்று சொல்லிவிட்டால் சுலபம் என்று மிருதுளாவுக்குத் தெரியும். காலணியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, அவள் தன் நிறுவனத்தின் பெயரை முதலில் சொன்னாள்.